தாலி கட்டும் நேரத்தில் எங்கே நிற்பது?

கெட்டிமேளம் முழங்கத் தொடங்கி மூன்றாவது முடிச்சு விழும் வரை ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் மணமேடையைச் சுற்றி நாற்பது பேர் எழுந்து நின்றுவிடுவார்கள். அட்சதை பறக்கும். மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகும். நாத்தனார் குனிந்து மீதி முடிச்சுகளைப் போடுவார். ஓரத்தில் நிற்கும் பெண்ணின் அப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைப்பார். இத்தனையும் படத்தில் வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.

போட்டோகிராபி தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்பது. அடுத்தது, ஆர்டர் எப்படிப் பிடிப்பது என்பது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் தெளிவாக வேண்டியது ஒன்று உண்டு. கல்யாண வீட்டார் போட்டோகிராபருக்குக் காசு கொடுத்து எதை வாங்குகிறார்கள்? அழகான படங்களை என்று உடனே சொல்லத் தோன்றும். அது பாதி பதில்.

எங்கள் உறவில் ஒரு கல்யாணம். கேண்டிட் படங்கள் எடுப்பதில் பெயர் வாங்கியவரை அழைத்திருந்தார்கள். ஆல்பம் வந்தது. வெளிச்சமும் நிறமும் பத்திரிகை அட்டைப்படம் போல இருந்தன. பெண்ணின் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்குப் போனபின் மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அவர் தேடியது தன் தம்பியை. மாலையும் பட்டும் கொண்டுவந்து முறை செய்த தாய்மாமன் ஒரு படத்தில்கூட முழுதாக இல்லை. அந்த அம்மா இன்றுவரை அந்த போட்டோகிராபரை யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. அவருக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். “நல்லாத்தான் எடுத்தார், ஆனா…” என்று நிறுத்திக்கொள்வார். ஒரு தொழில் வளராமல் போவதற்கு அந்த “ஆனா” போதும்.

திரும்பி வராத ஒரு நாள் பத்திரமான கையில் இருக்கிறது என்ற நிம்மதி: கல்யாண வீட்டார் வாங்குவது அதைத்தான். இது புரிந்துவிட்டால் கேமரா, விலை, விளம்பரம் என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வரிசைப்படும்.

முதலில் கேமரா. தொடங்குகிறவருக்குப் புதிய, விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் உள்ள ஒன்றும், 50 எம்எம் எஃப் 1.8 போன்ற விலை குறைந்த லென்ஸ் ஒன்றும், ஒரு ஃபிளாஷும் இருந்தால் காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு விழாக்களைத் தைரியமாக எடுக்கலாம். பெரிய லென்ஸ் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வசதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டுகளில் பதிவாகும் கேமராவாக இருக்கட்டும். ஒரு கார்டு கெட்டால் அந்தக் குடும்பத்தின் ஒரு நாளே போய்விடும். மண்டபத்திலிருந்து வீடு வந்ததும், சாப்பிடுவதற்கு முன்பே, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுப்பது பழக்கமாக வேண்டும்.

கடன் வாங்கித் தொடங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் கல்யாணம் இல்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். கையில் ஆர்டர் வரத் தொடங்கிய பிறகு கடன் வாங்குவதே என் யோசனை.

தொழிலைக் கற்க நல்ல வழி, அனுபவமுள்ள ஒருவரிடம் செகண்ட் ஷூட்டராகப் போவது. ஒரு சீசன் முழுக்கப் போங்கள். மேடை விளக்கில் படத்தில் குறுக்கே கோடுகள் விழுவது ஏன் என்று அங்கேதான் தெரியவரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பல விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மின்னுகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் கோடு மறையும். இதைவிட முக்கியமானது சடங்குகளின் வரிசை. காசி யாத்திரைக்குக் குடை எந்த வாசலிலிருந்து வரும், மெட்டி போடும்போது எந்தப் பக்கம் உட்கார வேண்டும், அருந்ததி பார்க்க எப்போது வெளியே போவார்கள் என்பதெல்லாம் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். முந்தின நாளே புரோகிதரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். தாலி கட்டும்போது எங்கே நிற்பது என்பதற்கு விடை அவர்களிடம்தான் இருக்கிறது. செகண்ட் ஷூட்டராகப் போன இடத்தில் உங்கள் விசிட்டிங் கார்டை நீட்டாதீர்கள். அது அழைத்துப் போனவரின் ஆர்டர்.

விலை விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்டர் 25,000 ரூபாய் என்று வையுங்கள். உதவியாளருக்கு 2,500, போக்குவரத்துக்கு 1,500, ஆல்பத்துக்கு லேபில் 6,000, ஹார்டு டிஸ்க், சாஃப்ட்வேர் வகையில் 1,000. இதோடு கேமராவின் தேய்மானமும் உண்டு. இதை எழுதிவைக்கிறவர்கள் குறைவு. ஒரு ஷட்டர் ஒன்றரை லட்சம் தடவை உழைக்கும் என்று கொண்டால், கல்யாணத்துக்கு 3,000 படம் வீதம் ஐம்பது கல்யாணம். ஒன்றரை லட்ச ரூபாய் கேமராவுக்குக் கல்யாணம் ஒன்றுக்கு 3,000 ரூபாய் தேய்கிறது. எல்லாம் போக மிச்சம் 11,000. எடுப்பது, படம் தேர்ந்தெடுப்பது, நிறம் திருத்துவது, ஆல்பம் வடிவமைப்பது எல்லாம் சேர்த்து ஆறு நாள் வேலை. நாளுக்குச் சுமார் 1,830 ரூபாய். இதே ஆர்டரைப் போட்டிக்குப் பயந்து 18,000க்கு ஒத்துக்கொண்டால் மிஞ்சுவது 4,000. நாளுக்கு 670கூட வராது. நம் ஊர் கொத்தனார் கூலியைவிடக் குறைவு. இப்படிப்பட்டவர் மூன்றாவது சீசனில் கேமராவை விற்றுவிடுகிறார்.

இலவசமாக எடுத்துக் கொடுத்தால் பெயர் பரவும் என்பார்கள். சொந்தத்தில் இரண்டு மூன்று விசேஷம் செய்யலாம், தப்பில்லை. ஆனால் வழக்கமான விலை இவ்வளவு, உங்களுக்காக வாங்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் படத்தைப் பார்த்து வருகிறவரும் இலவசத்தையே எதிர்பார்த்து வருவார்.

வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? இன்ஸ்டாகிராம் பக்கம் வேண்டும்தான், கூகுள் மேப்பில் இலவசமாகப் பதிவதும் அவசியம். ஆனால் சிற்றூர்களில் யாருக்குக் கல்யாணம் என்று முதலில் தெரிவது மண்டப மேனேஜருக்கு. மண்டபம் கிடைத்த பிறகுதான் பல வீடுகளில் தேதியே உறுதியாகிறது. அடுத்து சமையல் காண்ட்ராக்டர், மேக்கப் போடுபவர், பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்காரர். இவர்களுக்கு கமிஷன் கொடுப்பதைவிட, அவர்கள் வேலையை நன்றாகப் படம் எடுத்து அனுப்புங்கள். பந்தியில் இலை போட்டு வரிசையாகப் பரிமாறும் நல்ல படம் ஒன்று சமையல்காரரின் போனில் வருடக்கணக்கில் இருக்கும். அடுத்த வீட்டில் காட்டும்போது யார் எடுத்தது என்றும் சொல்வார்.

வீடு தேடி வருகிறவரிடம் பத்துக் கல்யாணத்தின் சிறந்த படங்களைக் காட்டுவதைவிட, ஒரே கல்யாணத்தின் ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை காட்டுங்கள். வந்த பெரியவர்கள் தேடுவது அதில் தாத்தா பாட்டியும் தாய்மாமனும் அத்தையும் இருக்கிறார்களா என்பதைத்தான். கூடவே ஒரு தாளைக் கொடுத்து, கட்டாயம் எடுக்க வேண்டியவர்கள் பெயரை முறையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கும்போதே அவர்கள் முகத்தில் நம்பிக்கை வருவதைப் பார்க்கலாம்.

எடுத்த படத்தை விளம்பரத்துக்குப் போடும் முன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. நாம் எடுத்த படம்தானே என்று மணப்பெண்ணின் முகத்தைக் கேட்காமல் பொதுவில் போடுவது சட்டப்படியும் சரியில்லை, மரியாதைப்படியும் சரியில்லை. எந்தப் படங்களைப் போடலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தம் என்றதும் பத்திரம் எழுதுபவரைத் தேட வேண்டாம். ஒரு பக்கம் போதும். தேதி, இடம், எத்தனை பேர் எடுப்பார்கள், அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எப்போது, ஆல்பம் எத்தனை நாளில், தேதி மாறினால் என்ன செய்வது. ஆல்பத்துக்கு நாற்பத்தைந்து நாள் என்று எழுதினால் நாற்பதாவது நாள் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆல்பம் ஆறு மாதம் இழுத்ததாகக் குறைப்படாத வீடு நம் பக்கம் அபூர்வம். சொன்ன தேதிக்குள் கொடுப்பவரின் பெயரைச் சொந்தபந்தம் தானே எடுத்துச் சொல்லும்.

ஆடி மாதம் ஆர்டர் இல்லாமல் இருக்கும். அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தையும், உறவுமுறைப் பட்டியலுக்கான தாளையும் அப்போதே தமிழில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தேதி கேட்டு வருகிறவர் கையில் கேமராவைக் காட்டும் முன் அவற்றைக் கொடுங்கள்.