வடக்கன்குளத்துச் சுவர்

வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தின் பழைய அமைப்பை நம் இறையியல் கல்லூரிகள் எல்லாவற்றிலும் பாடமாக வைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இயேசு சபைக் குருக்களின் காலத்தில் எழுந்த கோயில் அது. பலிபீடம் ஒன்று. அங்கிருந்து கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரிந்து போகும் மண்டபங்கள் இரண்டு. இடையில் சுவர். ஒரு பக்கம் வேளாளர். மறுபக்கம் நாடாரும் பிறரும். இரு சாராரும் ஒரே குருவைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் அந்தச் சுவரைக் குருக்களே இடித்தார்கள். உயர்சாதித் தரப்பு வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம்வரை போயும் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை.

பின்காலனிய இறையியலைக் கற்பிக்கும் நாம் இந்த வரலாற்றை எப்படி வாசிப்பது? சுவருக்கு இடம் கொடுத்தவர்கள் ஐரோப்பிய மிஷனரிகள். அதை இடித்தவர்களும் அவர்களே. சுவரை மீண்டும் எழுப்ப மறுத்தது வெள்ளையர் ஆட்சியின் நீதிமன்றம். சுவர் வேண்டும் என்று வாதாடியவர்களோ மண்ணின் மைந்தர்கள். அது தங்கள் வழக்கம், தங்கள் உரிமை என்றார்கள். மேற்கு ஒடுக்கியது, கிழக்கு ஒடுங்கியது என்ற எளிய கணக்கு இந்தக் கோயிலின் வாசலிலேயே தடுமாறுகிறது.

பண்பாட்டுமயமாக்கலுக்கு நாம் சொல்லும் முதல் உதாரணமும் இப்படித்தான். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவியுடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். அவருடைய புலமையை மதிக்கிறேன். ஆனால் அவர் தழுவிக்கொண்டது பிராமணத் துறவியின் வாழ்க்கை முறை. அதைக் காக்க, அதே ஊரில் பரதவர்களுக்குப் பணியாற்றிவந்த சக குருவிடமிருந்து விலகித் தனியே வசித்தார். இந்தியப் பண்பாடு என்று அவர் ஏற்றது இந்தியாவில் ஒரு சிறு பகுதியினரின் பண்பாடு. பின்னர் வந்த ஆசிரம இயக்கங்களிடமும் கர்நாடக இசைக் கீர்த்தனைகளிடமும் யாருடைய பண்பாடு என்ற இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையும், அதையொட்டி வளர்ந்த தலித் இறையியலும் அதைத்தான் கேட்டன.

ஆசிய இறையியலாளர்களில் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் கண்டவர் இலங்கையின் அலோசியஸ் பீரிஸ் அடிகள். ஆசியாவின் சமயங்களிலும் ஆசியாவின் வறுமையிலும் ஒருசேர மூழ்கி எழாத திருச்சபை ஆசியாவின் திருச்சபை ஆகாது என்பது அவர் நிலைப்பாடு. முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருந்திருக்கிறது. கொரியாவின் அன் பியுங்மூ வேறு வழியில் அங்கே வந்து சேர்ந்தார். 1970இல் சோல் நகரச் சந்தையில் சுன் தே இல் என்ற இளம் தையல் தொழிலாளி, தொழிலாளர் சட்டத்தை மதிக்கக் கோரித் தீக்குளித்தார். அந்தச் சாவு இறையியலாளர்களை உலுக்கியது. மாற்கு நற்செய்தியில் இயேசுவைச் சூழ்ந்து நிற்கும் பெயரற்ற கூட்டத்தை அன் புதிதாக வாசித்தார். வேலையையும் இழந்தார், சிறைக்கும் போனார். மின்ஜுங், அதாவது மக்கள், இறையியல் இப்படிப் பிறந்தது.

நம்மிடையே இத்தகைய இறையியலைச் செய்துகாட்டியவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்றால் பலருக்குத் தெரியும். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், முழு ஆராதனை முறைமையையே அமைத்தார். சாவு வீட்டுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட பறையைப் பலிபீடத்தின் அருகே கொண்டுவந்தார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து, எல்லாரும் சேர்ந்து உண்பதைத் திருவிருந்தின் பொருளாகக் கண்டார். பறை முழங்கியபோது சபைகளில் எழுந்த முணுமுணுப்பு மேலைநாட்டு விசுவாசத்தைக் காக்க எழுந்தது என்று நான் நம்பவில்லை. அது சாதியின் முணுமுணுப்பு.

இதெல்லாம் பழங்கதை அன்று. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டது கலவரமாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தனிக் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. சப்பரம் நுழையாத தெருக்கள் இருக்கின்றன. இவற்றைத் தொடாமல் பேரரசையும் கலப்பு அடையாளத்தையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வேடு, எத்தனை மேற்கோள்களைத் தாங்கி வந்தாலும், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. காலனியத்தைக் கண்டிப்பதால் இங்கே யாருக்கும் இழப்பில்லை. சாதியைக் கண்டிக்கும் ஆயர் அடுத்த மாற்றல் பட்டியலில் தன் பெயரைத் தேட வேண்டியிருக்கும். அந்தத் துணிச்சலுக்குத் துணையாக நிற்காத இறையியல் எதற்கு?

ஆகவே ஆயர்களையும் குருக்களையும் உபதேசியார்களையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த இதழுக்கு உங்கள் சபையைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். அசனப் பண்டிகையில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள்? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை? திருவிழா ஊர்வலம் எந்தத் தெருவரை போய்த் திரும்புகிறது? கோட்பாட்டு நூல்களின் மேற்கோள் தேவையில்லை. கண்டதை எழுதுங்கள், எந்த வேதப்பகுதியை வைத்து அதை எதிர்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயரை மறைக்க வேண்டுமானால் மறைத்து வெளியிடுவோம்.