வர்க்கமூலம் எடுத்தால் போதுமா?

'வலிமை குறைந்த அமிலம் ஒன்றின் செறிவும் பிரிகை மாறிலியும் தரப்பட்டுள்ளன. ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் காண்க' என்ற கணக்கைக் கண்டதும் உங்களில் பலர் என்ன செய்வீர்கள்? இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துவிடுவீர்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். இந்தப் பழக்கம் ஆபத்தானது என்பது என் கருத்து. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், காரணத்தைப் பார்ப்போம்.

வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. 0.1 மோலார் கரைசலுக்கு வர்க்கமூலம் 0.00134 என்று வரும். நூற்றுக்கு 1.3 மூலக்கூறுகளே பிரிந்துள்ளன, எஞ்சியதை 0.1 என்றே வைத்துக்கொண்டதில் பெரிய பிழை இல்லை. இதே கரைசலைப் பத்தாயிரம் மடங்கு நீர்த்துச் செறிவை 0.00001 ஆக்குங்கள். சூத்திரம் 0.0000134 என்கிறது! வீட்டில் இருந்தவர்கள் பத்துப் பேர், வெளியே போனவர்கள் பதின்மூன்று பேர் என்றால் யாராவது நம்புவார்களா? இருபடிச் சமன்பாட்டை முறையாகத் தீர்த்தால் நூற்றுக்கு 72 பிரிகிறது என்று தெரியவரும். பிரிந்தது 5 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் குறுக்குவழி செல்லும் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால், இந்தச் சோதனையில் தேறிய விடையும் தவறாகலாம். நம் குடிநீரே இதற்குச் சான்று.

கரையான்சாவடியிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கவல்ல நிலையம் அங்கே 2007இல் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் கிருமிகளைக் கொல்லப் பொதுவாகப் பயன்படுவது குளோரின். அது நீருடன் சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தருகிறது. இதுவும் வலிமை குறைந்த அமிலமே. மாறிலி ஏறத்தாழ 3 × 10⁻⁸. பிரியாத மூலக்கூறுக்கு மின்சுமை இல்லை. கிருமியின் உறையைத் துளைத்து எளிதில் உள்ளே புகுந்துவிடும். பிரிந்து உண்டாகும் ஹைப்போகுளோரைட் அயனியோ பல மடங்கு மந்தம். எனவே இங்கே சமநிலைக் கணக்கு வெறும் மதிப்பெண் விவகாரம் அல்ல; காலராவும் டைபாய்டும் சம்பந்தப்பட்டது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் என்று கொள்வோம். செறிவு 1.4 × 10⁻⁵ மோலார். வர்க்கமூலச் சூத்திரப்படி பிரிவது நூற்றுக்கு 5க்கும் குறைவு. சோதனையில் தேறிவிட்டது, நூற்றுக்கு 95 பங்கு வேலை செய்யும் வடிவில் இருக்கிறது என்று மகிழலாம். அந்த நீரின் பி.எச். மதிப்பு 8 என்றால் உண்மையில் இருப்பது 25 பங்குதான்!

எங்கே தவறு? ஹைட்ரஜன் அயனிகள் எல்லாம் அந்த அமிலத்திலிருந்தே வந்தன என்று சூத்திரம் கருதிக்கொண்டது. வாலைவடிநீரில் அது பொருந்தும். ஏரி நீரில் பைகார்பனேட்டு குளோரினைவிடப் பன்மடங்கு உண்டு, பி.எச். மதிப்பை நிர்ணயிப்பது அதுதான். இந்தத் துளி அமிலத்துக்கு அங்கே குரலே இல்லை. அப்போது வர்க்கமூலம் வேண்டாம். ஹைட்ரஜன் அயனிச் செறிவை மாறிலியால் வகுத்தால் போதும். 10⁻⁸ஐ 3 × 10⁻⁸ஆல் வகுக்க மூன்றில் ஒன்று: பிரியாதது 1 பங்கு, பிரிந்தது 3 பங்கு. இது முந்தியதைவிட எளிய கணக்கு. ஆனாலும் தேர்வுத்தாள்களில் இதைக் காண்பது அரிது. ஹைட்ரஜன் அயனி யாருடையது என்ற கேள்வியைக் கேட்காமலே கணக்கைப் போடவைப்பது, என்னைக் கேட்டால், வேதியியல் அல்ல. வெறும் பெருக்கல் பயிற்சி.

குளோரின் கலக்கும் நீரின் பி.எச். 8க்குக் கீழ் இருக்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுவதன் பொருளும் இப்போது விளங்கும். கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பும் இருக்கிறது. அளவுக்கு மீறிக் கொட்டினால் பி.எச். எந்தப் பக்கம் நகரும் என்று யோசியுங்கள். பி.எச். 7 ஆக இருந்தால் பிரியாத பங்கு எவ்வளவு? போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு 77 வரவேண்டும்.