1500 கலோரி... ஆயுசுக்குமா?

திண்டுக்கல்லில் நாலு தெரு நடந்தால் மூன்று பிரியாணிக் கடை, ஒரு ஜிம் என்கிற கணக்கில் ஊர் வளர்ந்து நிற்கிறது. தப்பில்லை. ஏற்றவும் இறக்கவும் பக்கத்திலேயே வசதி :-)

தப்பு எங்கே என்றால், சேருகிற அன்றைக்குக் கையில் திணிக்கிற அந்த ஜெராக்ஸ் பேப்பரில். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சாதம், ராத்திரி இரண்டு சப்பாத்தி, ஆக மொத்தம் 1500 கலோரி. வந்தவரின் எடை என்ன, உயரம் என்ன, வயசு என்ன? எதுவும் அதில் இருக்காது. சரி, அதைக்கூட மன்னித்துவிடலாம். எந்த எடை வரைக்கும் இந்த 1500 செல்லும் என்று ஒரு வரிகூட இல்லையே, அதுதான் கொடுமை. பால் பாக்கெட்டுக்குக்கூடத் தேதி உண்டு சாமி.

நாகல் நகரில் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். வயசு 35, உயரம் 155 செ.மீ., எடை 80 கிலோ. தையல் மிஷினில் உட்கார்ந்த வேலை. பேப்பரில் இருப்பதை அட்சரம் பிசகாமல் செய்கிறார். முதல் மாதம் சரசரவென்று இறங்குகிறது (அதில் கணிசமான பங்கு தண்ணீர், அது வேறு கதை). பத்து மாதத்தில் 65 கிலோ. அதற்குப் பிறகு மெஷின் முள் மக்கர் பண்ணுகிறது. வாரம் அரை கிலோ இறங்கிய இடத்தில் கால் கிலோ இறங்கவே மூச்சு வாங்குகிறது, சில வாரம் அசைவே இல்லை. அப்போது மாஸ்டர் கேட்பார் பாருங்கள் ஒரு கேள்வி: "அக்கா, உண்மையச் சொல்லுங்க. வீட்ல பிரியாணி கிரியாணி சாப்டீங்களா?"

பத்து மாதம் நாக்கைக் கட்டினவரைப் பார்த்துத் திருட்டுப் பட்டம்! குற்றவாளி அக்கா இல்லை, அந்தப் பேப்பர். கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

மிஃப்லின், செயின்ட் ஜியோர் என்று இருவர் பெயரில் 1990இல் வந்த ஒரு சூத்திரம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் போட்டால், 80 கிலோவில் அக்கா சும்மா படுத்திருந்தாலே நாளுக்குச் சுமார் 1433 கலோரி செலவு. உட்கார்ந்த வேலைக்கு 1.4ஆல் பெருக்கினால் 2006. சாப்பிடுவது 1500, ஆகத் துண்டு விழுவது 500. அதே அக்கா 65 கிலோ ஆனதும் செலவு 1796தான். இப்போது துண்டு 300கூட இல்லை. ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடாமலே 210 கலோரி காணாமல் போயிருக்கிறது. ஏறக்குறைய மூன்று இட்லி, கொஞ்சம் சட்னியோடு.

ஏன்? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரியும், இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லாரியும் ஒரே அளவு டீசலா குடிக்கும்? 15 கிலோ அரிசிச் சிப்பத்தை ராப்பகலாகச் சுமந்தவர் அதை இறக்கி வைத்துவிட்டார். சுமைகூலி குறையத்தானே செய்யும்?

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும். லட்ச ரூபாய் மெஷினுக்கு 10% தேய்மானம். நேர்கோட்டு முறையில் வருஷா வருஷம் 10,000. குறைந்து செல் மதிப்பு முறையில் முதல் வருஷம் 10,000, அடுத்தது 9,000, அப்புறம் 8,100. உடம்பு இரண்டாவது முறையில் கணக்கு எழுதுகிறது. ஜிம் பேப்பர் முதல் முறையில் எழுதுகிறது. டேலி ஆகவில்லை என்றதும் பழி அக்காவின் மேல்.

இந்த நேர்கோட்டுக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. 1958இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்பவர் ஒரு பவுண்டு எடைக்கு 3500 கலோரி என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு, தினம் 500 குறைத்தால் வாரம் 450 கிராம், அதுவும் என்றென்றைக்கும் என்று வாய்ப்பாடு ஆக்கிவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி நம் அக்கா நாலாவது வருஷத்தின் நடுவில் பூஜ்யம் கிலோ ஆகி ஆவியாகிவிடுவார்! அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் கூட்டாளிகளும் 2011இல் லான்செட் இதழில் இதைத் திருத்தினார்கள். அவர்கள் கணக்கில், தினசரி சுமார் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஒரு வருஷம், ஏறக்குறைய முழுசும் குறைய மூன்று வருஷம். வாரம் இத்தனை என்று நேர்கோடு கிடையாது, போகப் போகச் சரிவு படுக்கும்.

நம்ம நாட்டு எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அட்டவணையில், உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு 1660 கலோரி, ஆணுக்கு 2110. பக்கத்திலேயே 55 கிலோ, 65 கிலோ என்று எடையும் இருக்கிறது. எடை இல்லாத கலோரி, விலாசம் இல்லாத தபால்.

"அட, இதெல்லாம் சாக்கு, ஜனங்க தின்னுட்டுத்தான் மறைக்கிறாங்க" என்பவர்களுக்கும் ஒரு பாயிண்ட் உண்டு, மறுக்க வேண்டாம். எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்றவர்களை வைத்து 1992இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரி 47% குறைவாகச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. தாளிக்கிற நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கே 120க்கு மேல், அதை யார் எண்ணுகிறார்கள்? ஆகவே முதலில் ஒரு வாரம் எண்ணெயை அளந்து பார்க்கச் சொல்வது நியாயம். அளக்காமலே திருட்டுப் பட்டம் கட்டுவதுதான் அநியாயம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. முள் நின்றதும் 1500ஐ 1200 ஆக்கு, நகரவில்லையா, 900 ஆக்கு என்பார்கள். இது முதல் தப்பைவிட ஆபத்து. கொழுப்போடு தசையும் கரையும், தலை சுற்றும். உடம்பு சூத்திரம் சொல்வதைவிட அதிகமாகவே சிக்கனம் பிடிக்கவும் தொடங்கும். எடைக் குறைப்புப் போட்டி நடத்திய ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே அவர்கள் உடம்பு செலவழித்தது (2016இல் வெளியான ஆய்வு). சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால், லோ சுகர் வந்து நடுரோட்டில் விழ வேண்டியதுதான். எடை குறைந்தால் டாக்டர் மருந்தின் அளவையே திருத்துகிறார். ஜிம் மாஸ்டருக்கு ஒரு பேப்பரைத் திருத்தக் கை வரமாட்டேன் என்கிறதே!

திருத்துவது ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை. நாலைந்து கிலோ குறைந்தால் ஒரு தடவை புது எடையைப் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். 65 கிலோ அக்காவுக்கு சாப்பாட்டில் 100 கலோரி குறைத்து, மலைக்கோட்டை அடிவாரத்தில் சாயங்காலம் அரை மணி நேரம் நடந்தால் விட்டுப்போன 200 ஏறக்குறைய வந்துவிடும். தட்டில் சாதம் குறைகிற இடத்தில் முட்டையோ சுண்டலோ ஏறட்டும், தசைக்கு நல்லது. வாரம் கால் கிலோதான் இறங்குகிறதா? இறங்கட்டும். இன்னும் குறைக்கத் தேவையில்லை என்றால் 65லேயே நிற்கட்டும், அதற்கும் வேறு ஒரு எண் உண்டு, 1800. அதையும் அந்தப் பேப்பர் சொல்லாது.