திறமை மட்டும் போதுமா?

அமெரிக்க மக்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் என்றால் உயிர். கிரிக்கெட்டைப் போல இதுவும் மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவதுதான்.

அங்கே இளைஞர்கள் முதலில் "மைனர் லீக்" என்னும் சிறிய போட்டிகளில் ஆடித் தேறுவார்கள். பிறகுதான் "மேஜர் லீக்". அந்தப் படியை எட்டியவர்களில் சிலரே புகழ் பெறுகிறார்கள். பலர் வந்த வேகத்தில் மறைந்து போகிறார்கள்.

காரணம் என்ன?

திறமைக் குறைவு அல்ல. திறமை இல்லாதவர் அங்கே நுழையவே முடியாது. உண்மையான சோதனை நுழைந்த பிறகுதான்!

எறிந்த பந்து அரை நொடிக்குள் வந்து விடும். எந்தப் பந்துக்குப் புதியவர் தடுமாறுகிறார் என்பதை எதிரணியினர் விரைவில் கண்டுபிடிப்பார்கள். பிறகு அதே பந்தைத்தான் எறிவார்கள். தன் குறையை அறிந்து திருத்திக்கொள்பவர் நிலைப்பார். மற்றவர் வீழ்வார்.

தந்தையின் கோபம்

1951-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்தார், 19 வயது மிக்கி மேண்டில். பந்தை அடிக்க முடியாமல் திணறினார். அணி அவரை மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பியது. மனம் உடைந்தவர், ஆட்டத்தையே விட்டுவிட நினைத்தார்.

தந்தை சுரங்கத் தொழிலாளி. மகனைத் தேடி வந்தார். ஆறுதல் சொல்லவில்லை. கோழையாக இருந்தால் சுரங்க வேலைக்கு வந்துவிடு என்று கண்டித்தார்!

மேண்டில் தலைநிமிர்ந்தார். அதே ஆண்டில் யாங்கீஸ் அவரைத் திரும்ப அழைத்தது. ஆட்ட வாழ்வில் 536 "ஹோம் ரன்" அடித்தார்.

அதே 1951-ல் வில்லி மேஸ் முதல் 26 வாய்ப்புகளில் ஒரே ஒரு முறைதான் வெற்றி கண்டார். அழுதார். மேலாளர் லியோ டுரோச்சர் அவரைக் கைவிடவில்லை. அந்த ஆண்டின் சிறந்த புது ஆட்டக்காரர் என்ற பரிசு மேஸுக்கே கிடைத்தது!

அவசரத்தின் விலை

டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு 1973-ல் கூட்டம் சேரவில்லை. பள்ளியை முடித்து மூன்று வாரம்கூட ஆகாத டேவிட் கிளைடை நேராக மேஜர் லீக்கில் இறக்கியது. 18 வயதுப் பையன் பந்து எறிவதைப் பார்க்க 35 ஆயிரம் பேருக்கு மேல் திரண்டனர். முதல் ஆட்டத்தில் வெற்றி!

பிறகு? மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. 1979-க்குப் பிறகு அவர் மேஜர் லீக்கில் ஆடவே இல்லை.

கிளைடிடம் திறமை இருந்தது. கற்றுக்கொள்ளக் காலம்தான் தரப்படவில்லை.

தடியால் அடித்துக் கனிய வைத்த பழம் இனிக்காது. இளைஞருக்குத் தேவை உழைப்பு. பெரியவர்களுக்குத் தேவை பொறுமை. இரண்டும் சேர்ந்தால்தான் திறமை நிலைக்கும்.