சப்வேயில் நடப்பவர்களும் சப்வேயைக் கூட்டுபவர்களும்

சென்ட்ரலில் ரயில் இறங்கி பார்க் ஸ்டேஷனுக்கோ ஜி.எச்.சுக்கோ போக வேண்டும் என்றால், பெரியார் பெயர் தாங்கிய சாலைக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதையில் இறங்கி ஏறுகிறோம். ஸ்கேன் கவரைப் பிடித்தபடி நோயாளி, தலையில் மூட்டையோடு வெளியூர்க்காரர், காதில் ஹெட்போனோடு கல்லூரி மாணவி என எல்லோருக்கும் ஒரே படிக்கட்டுதான். தோள் இடித்தால் "பார்த்துப் போங்க" என்பதோடு சரி, யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. "நகரத்தில் ஏது சாதி?" என்று கேட்பவர்கள் கைகாட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

இப்படி நடப்பதும் யாரும் சும்மா கொடுத்ததல்ல. 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதியினரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லோருக்கும் உரியவை என்றது அது. தீர்மானம் நிறைவேறி, அரசாணையும் வந்தது. தெருவில் நடப்பதற்கே சட்டமன்றத்தில் பேச வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நடப்பவர்களிடம் சாதி கேட்காத அதே பாதையைக் கூட்டுபவர்கள் யார்? எச்சிலையும் குப்பையையும் அள்ளுபவர்கள் யார்? மழைக்காலத்தில் நகரத்தின் சுரங்கப்பாதைகளில் தேங்கும் சேற்றை வாருபவர்கள் யார்? சென்னையின் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களிலும் பெண்கள் மிகுதி. பாதை பொதுவாகிவிட்டது, அதைச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் பொதுவாகவில்லை.

சுரங்கப்பாதையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ரிப்பன் மாளிகை. 1913இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடம்தான் மாநகராட்சியின் தலைமையகம். 2025 ஆகஸ்ட் 1 முதல் அதன் வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். தனியாரிடம் எங்களை ஒப்படைக்காதீர்கள், பணி நிரந்தரம் செய்யுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. 13 நாள் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். நடைபாதையையும் சாலையையும் ஆக்கிரமித்துப் போராடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்துச் சென்று வண்டிகளில் ஏற்றியது.

ஆயுள் முழுக்க நடைபாதையைக் கூட்டியவர்கள் 13 நாள் அதில் உட்கார்ந்ததும் நடைபாதைக்கு இடைஞ்சலாகிவிட்டார்கள். துடைப்பத்தோடு நின்றால் பணியாளர், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஆக்கிரமிப்பாளர். நடப்பவர்களின் உரிமை முக்கியம்தான், நாமும் நடப்பவர்கள்தான். ஆனால் 'பொது' என்ற சொல்லுக்குள் கூட்டுபவர்களும் அடக்கம் என்பதைத் தீர்ப்பும் அரசும் மறந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

கூவத்தை ஒட்டி, சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது சத்தியவாணி முத்து நகர். தலித் தலைவர், அமைச்சராக இருந்தவர் பெயரில் அமைந்த குடியிருப்பு. 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், அங்கிருந்த குடும்பங்களைச் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். காரணம் ஆற்றுச் சீரமைப்பு. வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடந்து போகும் தூரத்தில் இருந்தவர்கள், பிறகு அதே சென்ட்ரலுக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டியதாயிற்று.

ஆகவே மாணவத் தோழர்களே, அடுத்த முறை அந்தப் படிகளில் இறங்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். கூட்டிக்கொண்டிருக்கும் அக்காவிடம் சம்பளம் யார் தருகிறார்கள், பி.எஃப். பிடிக்கிறார்களா, கையுறை தந்தார்களா, வாரத்தில் ஒருநாள் லீவு உண்டா என்று கேளுங்கள். பேர் எழுத வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். அவருடைய வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. அவர் சொல்வதைத் தொகுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கு மனுப் போடுங்கள். ஒப்பந்த நகலைக் கேளுங்கள். அடுத்த போராட்டம் வரும்போது அவர்களோடு உட்காருங்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நடக்கும் உரிமையை வாங்கித் தந்தார்கள். அதே பாதையில் மரியாதையோடு வேலை செய்யும் உரிமையை வாங்குவது நம் காலத்துக் கடன்.