ஓய்வு காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு: சர்க்கார் அட்டையா, தனியார் பாலிசியா?

வேலையில் இருக்கும்போது மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஓய்வு பெற்றபின் பென்ஷன் வரும். பலருக்கு அந்தப் பென்ஷனும் கிடையாது. கையில் இருப்பது பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டித் தொகையும்தான்.

முப்பது வருட உழைப்பின் மிச்சம் அது. அதைத் திருடன் கொண்டுபோகாமல் பாங்கியில் போட்டு வைக்கிறார்கள். ஆனால், வீட்டில் ஒருவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் போதும். பாங்கியில் இருந்த பணம் ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போய்விடுகிறது!

அடையாறு காந்தி நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகர் பக்கம் ஓய்வு பெற்றவர்கள் பலர் வசிக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டில் பெரியவரும் அவர் மனைவியும் மட்டும். இப்படிப்பட்ட வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு:

"சர்க்கார் இன்சூரன்சு போதுமா? தனியார் கம்பெனியில் பாலிசி எடுக்க வேண்டுமா?"

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தனக்கு ஏற்கெனவே எந்தச் சர்க்கார் திட்டத்தில் உரிமை இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, குறைவதற்கு மட்டும் பாலிசி எடுப்பதே புத்திசாலித்தனம்.

யாருக்கு எந்த உரிமை?

வருமானம் குறைந்த குடும்பங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012-ம் ஆண்டு ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் அது மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. ஆட்சிகள் மாறின. திட்டம் நிற்கவில்லை.

2022-ம் ஆண்டு ஜனவரியில் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, வருமான வரம்பு 72 ஆயிரம் ரூபாயில் இருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் அதற்குள் இருந்தால் அட்டை பெறலாம். ஒரு காசு கட்ட வேண்டாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வயது தடையில்லை. முன்பே இருக்கும் நோயும் தடையில்லை. ஆனால், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான் பணம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள்.

மாநில சர்க்காரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. 2022 ஜூலை 1-ந் தேதி புதுப்பிக்கப்பட்டபோது, பென்ஷனில் மாதம் 497 ரூபாய் பிடிப்பது என்று முடிவாயிற்று. கிடைப்பது 5 லட்சம் ரூபாய். குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கு 10 லட்சம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த 5 லட்சம் ஓர் ஆண்டுக்கு அல்ல, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து! முதல் ஆண்டிலேயே பெரிய ஆபரேஷன் நடந்தால், மீதி ஆண்டுகளுக்கு என்ன இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

மத்திய சர்க்கார் ஊழியருக்கு 1954-ம் ஆண்டு டெல்லியில் தொடங்கிய மத்திய சர்க்கார் சுகாதாரத் திட்டம் இருக்கிறது. பத்து ஆண்டுச் சந்தாவை ஒரே தடவையாகக் கட்டினால் ஆயுள் முழுவதும் செல்லும் அட்டை கிடைக்கும். மாஜி ராணுவத்தினருக்கு 2003-ல் தொடங்கிய திட்டம் வேறு உண்டு.

தொழிற்சாலையிலும் கம்பெனியிலும் வேலை செய்து, இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து ஆண்டு இருந்து, வயதாகி ஓய்வு பெற்றவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், கணவன் மனைவி இருவரும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். அதாவது மாதம் பத்தே ரூபாய்! இது தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம்.

எழுபது வயது ஆனவர்களுக்காக மத்திய சர்க்கார் 2024 அக்டோபர் 29-ந் தேதி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இல்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். வீட்டில் எழுபதைத் தாண்டியவர் இருவர் இருந்தால், அந்தத் தொகையை இருவரும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் இதில் சேரலாம். மத்திய சர்க்கார் சுகாதாரத் திட்டத்திலும் மாஜி ராணுவத்தினர் திட்டத்திலும் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்கு அருகில் எந்த ஆஸ்பத்திரி இந்த அட்டையை ஏற்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

நடுவில் நிற்பவர்கள்

இவ்வளவு திட்டங்கள் இருந்தும் ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது. தனியார் கம்பெனியில் வேலை பார்த்து அறுபதில் ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கியதால் அங்கே இடமில்லை. வட்டி வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டுவதால் முதலமைச்சர் திட்டத்திலும் இடமில்லை. எழுபது வயதும் ஆகவில்லை. இந்தப் பத்து ஆண்டுக்குள்தான் பலருக்கு மாரடைப்பும் மூட்டு வலியும் கண் புரையும் வருகின்றன.

தனியார் பாலிசி முக்கியமாகத் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். அதையும் ஓய்வு பெற்ற பிறகு தேடுவது தாமதம். வேலையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். காரணம், பாலிசி எடுத்த அன்றே எல்லா நோய்க்கும் பணம் கிடைக்காது. முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அது முன்பு நான்கு ஆண்டு வரை இருந்தது. 2024-ல் வந்த விதிப்படி மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஐம்பத்தேழு வயதில் எடுத்தவருக்கு அறுபதில் அந்தக் காலம் முடிந்துவிடும். அறுபதில் எடுப்பவர் அறுபத்துமூன்று வரை காத்திருக்க நேரிடும்.

கம்பெனி தன் ஊழியர்களுக்கு எடுத்திருக்கும் கூட்டுப் பாலிசி, வேலையோடு போய்விடும். ஓய்வு பெறுமுன் அதையே தனிப் பாலிசியாக மாற்றித் தரும்படி இன்சூரன்சு கம்பெனியிடம் கேட்க வேண்டும்.

பிரீமியம் மட்டும் பார்த்தால் போதாது

பாலிசி வாங்குபவர்கள் "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று மட்டும் கேட்கிறார்கள். "எவ்வளவு வெட்டுவார்கள்?" என்று கேட்பதில்லை.

மூத்த குடிமக்கள் பாலிசிகள் பலவற்றில், நோயாளியும் ஒரு பங்கு போட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அந்தப் பங்கு 20 சதவிகிதம் என்று வைத்துக் கொள்வோம். 3 லட்சம் ரூபாய் பில் வந்தால், 60 ஆயிரம் ரூபாய் சொந்தப் பணம் போக வேண்டும்.

அறை வாடகைக்கும் வரம்பு உண்டு. நாளுக்கு 5 ஆயிரம் ரூபாய் வரம்பு உள்ளவர் 10 ஆயிரம் ரூபாய் அறையில் படுத்தால், வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் போன்றவையும் பாதியாகக் குறைக்கப்படலாம். அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் பாலிசியைப் பார்க்க வேண்டும்.

இன்சூரன்சு ஒழுங்குமுறை ஆணையம் சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை, தன்னைக் கலந்து கொள்ளாமல் ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. தனிநபர் பாலிசிகள் மீதான 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

பாலிசி கைக்கு வந்ததும் படித்துப் பார்க்க 30 நாள் அவகாசம் உண்டு. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். கண் தெரியாத பெரியவருக்குப் பேரன் படித்துச் சொல்லட்டுமே!

மறைப்பது ஆபத்து

"சர்க்கரை இருக்கிறது என்று எழுதாதீர்கள். எழுதினால் பிரீமியம் கூடும்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. பிரீமியம் வாங்கும்போது யாரும் துருவிக் கேட்பதில்லை. பணம் கொடுக்கும்போதுதான் பழைய மருந்துச் சீட்டைத் தேடுவார்கள். மறைத்தது தெரிந்தால் பாலிசியே ரத்தாகிவிடலாம். உண்மையை எழுதிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

நியாயமான பணத்தைக் கம்பெனி மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்சு குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். அவருடைய அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டாம்.

பக்கத்திலேயே இருக்கும் பாதுகாப்பு

பாலிசியும் இல்லை, வாங்க வசதியும் இல்லை என்பவர்கள் மனம் தளர வேண்டாம். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 12 படுக்கைகளுடன் தொடங்கியது. பணம் இல்லாதவர்களுக்கும் சிகிச்சை என்பதே அதன் கொள்கை. அடையாறுக்கு அருகே கிண்டியில் 2023 ஜூனில் ஆயிரம் படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியும், 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டன. சர்க்கார் ஆஸ்பத்திரி என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கட்டும்.

சர்க்காருக்கும் ஒரு கடமை இருக்கிறது. அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் நிற்பவர்கள் தர்மம் கேட்கவில்லை. தங்களால் முடிந்த சந்தாவைக் கட்டத் தயாராக இருக்கிறார்கள். மாநிலத் திட்டத்தில் அவர்களும் பணம் கட்டிச் சேருவதற்கு ஒரு வழி திறந்துவிட வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. அட்டையும் பாலிசியும் பெரியவரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. நடுராத்திரியில் நெஞ்சு வலி வந்தால், சாவி எங்கே என்று நோயாளியையா கேட்பது? அவை எங்கே இருக்கின்றன, எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். இன்றே எடுத்துப் பார்க்கலாம்!