வேட்டி மடிப்புக்குள் ஓர் அபாயம்

கவட்டைப் பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு புடைப்பு. நின்றால் தெரியும், படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம் என்று தெரிந்தும் பெரியவர்கள் பலர் இதை ஆண்டுக்கணக்கில் வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். சொல்லக் கூச்சம். சொன்னாலும், ‘இந்த வயசுல எதுக்குக் கத்தி வைக்கணும்?’ என்று வீட்டார் தள்ளிப்போடுகிறார்கள். ஒருநாள் இரவு அந்தப் புடைப்பு உள்ளே போக மறுக்கிறது. கல்போல இறுகுகிறது. வலியும் வாந்தியும் தொடங்குகின்றன. இத்தனை நாள் தவிர்த்த கத்தியை, உடம்பு நைந்துபோன அந்த நேரத்தில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தாமதத்தின் விலை என்ன? சுவீடன் நாட்டுப் பதிவேட்டில் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடலிறக்க அறுவை சிகிச்சைகளை அலசிய ஆய்வு 2007-இல் வெளியானது. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம், அதே வயதுள்ள மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. அவசரமாகச் செய்துகொண்டவர்களிடம் அது ஏழு மடங்கு. கெட்டுப்போன குடலை வெட்டியெடுக்க நேர்ந்தவர்களிடம் இருபது மடங்கு.

தொந்தரவு தராத குடலிறக்கம் உள்ள ஆண்கள், மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம்தான். அமெரிக்காவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், அப்படிக் காத்திருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவானவர்களுக்கே குடல் சிக்கிக்கொண்டது. ஆனால், அவர்களையே பத்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, 65 வயதைக் கடந்தவர்களில் ஐந்தில் ஏறக்குறைய நால்வர் வலி போன்ற காரணங்களால் அறுவை சிகிச்சைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். காத்திருப்பது ஒரு முடிவென்றால், அதை மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டும். கூச்சம் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

பெண்களுக்கு இந்த அவகாசமும் கிடையாது. ஆண்களைவிட அவர்களிடம் அதிகம் காணப்படும் தொடைக் குடலிறக்கத்தின் வாய் குறுகலானது. குடல் எளிதில் நெரிபடும். புடைப்பு சிறிதாக இருப்பதால் கண்ணிலும் படாது. வயதான அம்மாவின் வாந்தியை வாயுத் தொல்லை என்று முடிவு கட்டி, கவட்டையைப் பார்க்காமலே ஊசி போட்டு அனுப்பினால் ஓர் உயிரையே இழக்க நேரலாம்.

நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கும் முதுமையில் தனிக் கவனம் தேவை. புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு உள்ளே ரத்தம் கட்டலாம். சிலருக்கு ஓரிரு நாள் மனம் குழம்பும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. இருமலையும் மலச்சிக்கலையும் கவனிக்காமல் விட்டால், தைத்த இடம் மீண்டும் பலவீனமாகலாம். இவற்றில் பலவற்றை முன்பரிசோதனையிலேயே குறைத்துவிட முடியும். திறந்த முறை அறுவை சிகிச்சையை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடிக்கலாம். இதயமும் நுரையீரலும் தளர்ந்தவர்களுக்கு அது பாதுகாப்பானது, சிறுநீர் அடைப்பும் குறைவு. ஆனால் அதற்குக் கைப்பழக்கம் உள்ள மருத்துவர் வேண்டும். அந்தப் பயிற்சியை மாவட்ட, வட்ட மருத்துவமனைகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டியது அரசின் கடமை.

இன்னொன்றையும் உடனே செய்யலாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க முதியவர்களின் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். ‘அடிவயிற்றுக்குக் கீழே புடைப்பு ஏதும் இருக்கா?’ என்று அவர்கள் கேட்டால் போதும். பல வருட மௌனம் கலையும்.

புடைப்பு இறுகி, வலியோ வாந்தியோ வந்தால் அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், சாப்பிடக் கொடுக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும்.